பாழிடங்களை இரு கண்ணால் பார்த்த காலம்: ஆரம்பகால ஸ்டீரியோ படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே மாதிரி இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய பழுப்பேறிய அட்டைகளை நூலகங்களின் இணையச் சேமிப்பில் பார்த்திருப்பீர்கள். இவைதான் ஸ்டீரியோ அட்டைகள். எகிப்துக் கோயில், ரோமின் இடிந்த அரங்கம், பொம்பேயின் வெறிச்சோடிய தெரு என்று இருக்கும். இந்த அட்டைகளைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அட்டைகள் இடிபாடுகளைக் காட்டியதோடு நிற்கவில்லை. ஓர் இடிபாட்டை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதையும் உலகத்துக்குப் பழக்கிவிட்டன.

ஒரே படத்தை ஏன் இரண்டு தடவை ஒட்டியிருக்கிறார்கள்?

ஒரே படம் இல்லை. பார்க்க அப்படித் தெரியும், அவ்வளவுதான். நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 65 மி.மீ. தூரம் இருக்கிறது. அதனால் இடது கண் காண்பதும் வலது கண் காண்பதும் கொஞ்சம் வேறுபடும். ஒரு விரலை மூக்குக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமுமாகத் தாவும், பின்னால் இருக்கும் சுவர் அவ்வளவாக அசையாது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது பக்கத்தில், எது தூரத்தில் என்று மூளை கணக்குப் போடுகிறது.

அட்டையில் இடது கண்ணுக்கான படம் இடது பக்கமும் வலது கண்ணுக்கான படம் வலது பக்கமும் இருக்கும். லென்ஸ் வைத்த கருவியில் செருகிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, தட்டையான தாளுக்குள் ஓர் இடம் திறந்துகொள்ளும். கருவி இல்லாமலும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கலாம். முன்னால் கிடக்கும் உடைந்த கல்லுக்கும் அதன் பின்னால் நிற்கும் தூணுக்கும் நடுவே தெரியும் இடைவெளியை இரண்டு படத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் அகலமாகவும் மற்றதில் இடுக்காகவும் இருக்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் ஆழம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது யார்?

சார்லஸ் வீட்ஸ்டன். 1838-ல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில், முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்துச் செய்த தன் கருவியை விளக்கினார். அப்போது ஒளிப்படக் கலை இன்னும் அறிவிக்கப்படக்கூட இல்லை. அதனால் கையால் வரைந்த உருவங்களை வைத்தே அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் 1839-ல் ஒளிப்படம் வந்தது. 1849-ல் டேவிட் புரூஸ்டர் லென்ஸ் வைத்த சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். பாரிஸில் ஜூல் துபோஸ்க் அதைச் செய்து 1851 லண்டன் மாபெரும் கண்காட்சிக்குக் கொண்டுவர, விக்டோரியா ராணி அதில் ஆர்வம் காட்டினார். அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம்.

1861-ல் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், கைப்பிடி வைத்த எளிய கருவி ஒன்றை உருவாக்கினார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று ஆனதால் கருவி மலிந்தது, நடுத்தர வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

விற்பனைக்கு எவ்வளவோ காட்சிகள் இருக்க, இடிபாடுகளை ஏன் இவ்வளவு எடுத்தார்கள்?

படித்தவர்கள் ரோம், கிரேக்கம், எகிப்து, பைபிள் நிலங்கள் ஆகியவற்றைப் பார்க்க ஏங்கிய காலம் அது. இதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது சரிதான். ஆனால் இன்னொரு காரணம் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஒரு முழுச் சுவரை நேருக்கு நேர் நின்று ஸ்டீரியோவில் எடுத்தால் ஒன்றுமே கிடைக்காது. சுவர் முழுக்க ஒரே தூரத்தில் இருப்பதால் இரண்டு படமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஆழம் தெரிய வேண்டுமானால் ஒன்றின் முன் ஒன்றாகப் பொருள்கள் நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு கல், கொஞ்சம் தள்ளி ஒரு தூண், அதற்கும் பின்னால் ஒரு வாசல், வாசல் வழியே தூரத்து மலை. இடிந்த இடத்தில் இதெல்லாம் தானாகவே கிடைக்கிறது. கூரை போய்விட்டதால் வெளிச்சம் உள்ளே வருகிறது. சரிந்த கற்கள் முன்னால் கிடக்கின்றன. சுவர் உடைந்த இடத்தில் அடுத்த அறை தெரிகிறது. இடிபாடு ஸ்டீரியோவுக்குக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம்.

கர்நாக் கோயிலின் பெரிய மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 134 தூண்கள். சாதாரணப் படத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே சாம்பல் நிறத் திரளாகத் தெரியும். எந்தத் தூண் எங்கே முடிகிறது என்று கண் திணறும். அதே காட்சியை ஸ்டீரியோவில் பார்த்த முதல் தடவை நான் என்னை அறியாமல் தலையைச் சாய்த்து, தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முயன்றேன். ஒவ்வொரு தூணும் தனித்தனியாக உருண்டு நின்றது. நடுவில் இருந்த காற்றுகூடத் தெரிவது போல இருந்தது.

இதனால் என்ன ஆயிற்று என்றால், படம் எடுத்தவர்கள் கோணலாக நின்றார்கள். வாசல் நிலையை ஒட்டி நின்றார்கள். முன்னால் உடைந்த சிற்பம் விழும்படி இடம் தேடினார்கள். கட்டியவன் எங்கிருந்து பார்க்கச் சொன்னானோ அந்த இடத்தை விட்டுவிட்டு, ஆழம் நன்றாகத் தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயிரக்கணக்கான அட்டைகளில் அதே கோணங்கள் திரும்பத் திரும்ப வந்து, அவைதான் அந்த இடத்தின் முகம் என்று ஆகிவிட்டன.

பாலைவனத்தில் இதை எப்படி எடுத்தார்கள்?

பெரும் பாடுபட்டு. 1851-ல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறைதான் அப்போது நடைமுறையில் இருந்தது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, எல்லா மூலைக்கும் ஒரே சீராகப் பரவும்படி சாய்த்துச் சாய்த்து ஓடவிட வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, ஓடிவந்து டெவலப் செய்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆகவே இருட்டறையும் கூடவே பயணம் செய்தது. கண்ணாடி, ரசாயனக் குப்பிகள், தண்ணீர், கூடாரம் என்று ஒரு சின்ன ஆய்வுக்கூடமே படகிலும் ஒட்டகத்திலும் ஏறிப் போனது.

1856 முதல் 1860 வரை மூன்று முறை எகிப்துக்கும் அதைச் சுற்றிய நாடுகளுக்கும் போன ஆங்கிலேயர் பிரான்சிஸ் ஃபிரித் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கூடாரத்துக்குள் இருந்த வெப்பத்தில், தகட்டில் ஊற்றியவுடனே கொலோடியன் கொதித்ததாம். மிகைப்படுத்தல் என்று முதலில் நினைத்தேன். இல்லை. கொலோடியனில் ஈதர் இருக்கிறது, அது சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எகிப்து வெயிலில் மூடிய கூடாரத்துக்குள் அந்தச் சூடு ஒரு விஷயமே இல்லை. குளிர்ச்சிக்காகக் கல்லறைகளையும் கோயில் உள்ளறைகளையும் அவர் இருட்டறையாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

ஃபிரித்திடம் 16-க்கு 20 அங்குலத் தகடு போடும் மிகப் பெரிய கேமராவும் இருந்தது, ஸ்டீரியோ கேமராவும் இருந்தது. லண்டனின் நெக்ரெட்டி - ஸாம்ப்ரா நிறுவனத்துக்காக அவர் எடுத்த ஸ்டீரியோ படங்களில் 100, 1862-ல் விளக்கங்களோடு புத்தகமாகவே வந்தன. பெரிய தகடுகளில் எடுத்தவைதான் இன்று அருங்காட்சியகச் சுவர்களில் மாட்டப்படுகின்றன. மக்கள் கையில் புழங்கியவை ஸ்டீரியோ அட்டைகள்.

இன்னொரு நுணுக்கம். ஸ்டீரியோ கேமராவின் தகடு சின்னது, லென்ஸின் குவியத் தூரமும் குறைவு. அதனால் வெளிச்சம் வேகமாகப் பதியும். பெரிய கேமரா பல விநாடிகள் திறந்திருந்த இடத்தில், ஸ்டீரியோ கேமராவுக்குக் கொஞ்ச நேரமே போதும். நடமாடும் மனிதர்களும் கழுதைகளும் பயணிகளும் ஸ்டீரியோ படங்களில் அதிகம் தென்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேமராவில் இரண்டு லென்ஸ் இருந்ததா?

ஆரம்பத்தில் இல்லை. ஒரே கேமராவை ஒரு பலகைப் பள்ளத்தில் வைத்து, ஒரு படம் எடுத்தபின் சில அங்குலம் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தார்கள். அதற்குள் நிழல் நகர்ந்திருக்கும், ஆள் எழுந்து போயிருப்பார். பழைய அட்டைகளில் இடது படத்தில் இருக்கும் ஒருவர் வலது படத்தில் காணாமல் போவது இப்படித்தான். கருவியில் பார்த்தால் அவர் ஆவி போல மின்னுவார். மான்செஸ்டரின் ஜான் பெஞ்சமின் டான்சர் 1850-களில் இரட்டை லென்ஸ் கேமராவைக் கொண்டுவந்த பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க முடிந்தது.

அதிலும் ஒரு சிக்கல். இரட்டை லென்ஸ் நெகட்டிவை அப்படியே பிரிண்ட் போட்டால் இடதும் வலதும் இடம் மாறியிருக்கும். வெட்டி, மாற்றி ஒட்ட வேண்டும். மறந்துவிட்டால் பள்ளம் மேடாகும், மேடு பள்ளமாகும், தூரத்து மலை தூணுக்கு முன்னால் வந்து நிற்கும். அப்படி மாற்றி ஒட்டிய அட்டைகள் சில விற்பனைக்கும் போயிருக்கின்றன. ஒரு காட்சியைப் பார்த்து உங்களுக்குத் தலை சுற்றினால் கோளாறு உங்கள் கண்ணில் இல்லாமல் இருக்கலாம்.

ஃபிரித் தவிர வேறு யார் யார்?

நிறையப் பேர். பொம்பேயிலும் நேப்பிள்ஸிலும் ஜார்ஜோ சொம்மர். 1863-ல் ஜுசெப்பே ஃபியோரெல்லி, பொம்பேயைப் புதைத்த எரிமலைச் சாம்பலுக்குள் உடல்கள் மக்கிப்போய் விட்ட வெற்றிடத்தில் பிளாஸ்டர் ஊற்றி உருவங்களை எடுக்கத் தொடங்கினார். அந்த உருவங்களை உலகுக்குக் காட்டியவர்களில் சொம்மர் முக்கியமானவர். பெய்ரூட்டில் 1867-ல் கடை போட்ட ஃபெலிக்ஸ் பான்ஃபில்ஸ், நான்கே வருடத்தில் எகிப்து, பாலஸ்தீனம், சிரியா, கிரேக்கம் ஆகிய இடங்களின் 591 நெகட்டிவ்களும் 9,000 ஸ்டீரியோ காட்சிகளும் தன்னிடம் இருப்பதாக 1871-ல் பாரிஸுக்கு எழுதினார். தொழில் எந்த வேகத்தில் வளர்ந்தது என்பதற்கு அந்தக் கணக்கே போதும்.

வித்தியாசமான இருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் சார்லஸ் பியாஸி ஸ்மித் 1865-ல் கீசாவின் பெரிய பிரமிடுக்குள் மெக்னீசியத்தை எரித்து, அந்த வெளிச்சத்தில் ஓர் அங்குலச் சின்னத் தகடுகளில் படம் எடுத்தார். அகுஸ்துஸ் லெ ப்ளோன்ஜோன் 1873-ல் மெக்சிகோவின் யுகாத்தானுக்குப் போய், மனைவி ஆலிஸ் டிக்சனோடு சேர்ந்து உஷ்மாலிலும் சிச்சென் இட்சாவிலும் மாயா கட்டடங்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். உஷ்மாலின் ஆளுநர் மாளிகை முகப்பைப் பகுதி பகுதியாக எடுத்தார்கள். 1875-ல் சிச்சென் இட்சாவில் அவர்கள் தோண்டி எடுத்த சக்மூல் என்ற, சாய்ந்து படுத்த மனித உருவச் சிலை இப்போது மெக்சிகோ நகரத்தில் இருக்கிறது.

இருவருடைய கோட்பாடுகளும் தவறு. பிரமிடின் அளவுகளில் தெய்வீகக் கணக்கு ஒளிந்திருப்பதாக ஸ்மித் நம்பினார். எகிப்து நாகரிகம் மாயா மக்களிடமிருந்து வந்தது என்று லெ ப்ளோன்ஜோன் வாதாடினார். அறிஞர்கள் அவர்களை ஒதுக்கினார்கள். ஆனால் லெ ப்ளோன்ஜோன் தம்பதியின் படங்களை ஒதுக்க முடியவில்லை. பிந்தைய சிதைவுக்கும் மராமத்துக்கும் முன்பு அந்தச் சுவர்கள் எப்படி இருந்தன என்பதற்கு அவை இன்றும் சாட்சி. எதையோ நிரூபிக்கத் துடித்ததால்தான் அவர்கள் இத்தனை பொறுமையாக ஒவ்வொரு கல்லையும் எடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

தமிழகத்தில் யாராவது எடுத்தார்களா?

எடுத்தார்கள், அதுவும் மிக ஆரம்பத்திலேயே. மதராஸ் ராணுவ அதிகாரி லின்னேயஸ் ட்ரைப், மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டு, மதுரை, திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய இடங்களை 1858-ல் படம் எடுத்தார். அதற்கு முன் 1855-ல் பர்மாவின் பாகான் கோயில்களை எடுத்தவர் அவர். தமிழகப் பயணத்தில் பெரிய தாள் நெகட்டிவ்களோடு ஸ்டீரியோ படங்களும் எடுத்து வெளியிட்டார்.

மதுரைத் திருமலை நாயக்கர் மகால் அப்போது சிதைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு மதராஸ் ஆளுநராக இருந்து அதைப் பழுதுபார்க்க வைப்பதற்குச் சில வருடங்களுக்கு முந்தைய நிலை ட்ரைப்பின் படங்களில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டையும் அவர் விடவில்லை. அதை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட சுருளாக்கினார். அது ஸ்டீரியோ இல்லை. ஆனால் ஒரு கல்வெட்டைப் படிக்கக் கேமராவைப் பயன்படுத்தலாம் என்று 1858-லேயே ஒருவர் நினைத்ததும், அதைச் செய்து முடித்ததும் பெரிய விஷயம். அரசுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. 1859-ல் ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் வேலையை நிறுத்திவிட்டார். இன்னும் இரண்டு மூன்று வருடம் விட்டிருந்தால் என்னவெல்லாம் கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இன்று இல்லாத எதையாவது இந்த அட்டைகளில் பார்க்க முடியுமா?

முடியும். அதற்காகத்தான் நான் இவற்றைப் பார்க்கிறேன்.

ரோமின் கொலோசியம் முதலில். 1850, 60-களின் அட்டைகளில் அது ஒரு தொங்கும் தோட்டம் மாதிரி இருக்கும். வளைவுகளின் மேல் புதர், விரிசல்களில் கொடி. ரிச்சர்ட் டீக்கின் என்ற மருத்துவர் 1855-ல் அங்கே வளர்ந்த 420 வகைத் தாவரங்களைப் பட்டியலிட்டிருக்கிறார். 1870-களின் தொடக்கத்தில் கட்டடத்தைக் காப்பதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். ஸ்டீரியோவில் அந்தச் செடிகள் கல்லிலிருந்து பிரிந்து, நம் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். தட்டையான படத்தில் அவை வெறும் கரும்புள்ளிகள்.

ஏதென்ஸ் அக்ரோபொலிஸில் இடைக்காலக் கோபுரம் ஒன்று 1875 வரை நின்றது. பழங்கிரேக்கத்தது அல்ல என்று அதை இடித்துவிட்டார்கள், செலவை ஏற்றவர் ட்ராய் நகரைத் தோண்டிய ஷ்லீமன். ஸ்ஃபிங்ஸ் பெரும்பாலான அட்டைகளில் தோள்வரை மணலுக்குள் இருக்கும். முழு உடலும் வெளியே வந்தது 1920, 30-களில்தான். கர்நாக் மண்டபத்தில் 1899 அக்டோபரில் 11 தூண்கள் விழுந்தன, பிறகு திரும்ப நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய அட்டை கிடைத்தால் விழாத தூண்களையே பார்க்கலாம். ஃபிலே தீவுக் கோயில் 1902-ல் அஸ்வான் அணை கட்டிய பிறகு வருடத்தின் பெரும்பகுதி தண்ணீரில் நின்றது. 1970-களில் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். அபு சிம்பெல் கோயில்களை 1964 முதல் 1968 வரை அறுத்து மேலே ஏற்றினார்கள். ஃபிரித் நின்ற கரை இப்போது ஏரிக்கு அடியில் இருக்கிறது.

இந்த அட்டைகள் சுற்றுலாவை வளர்த்தனவா, இல்லை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டனவா?

இரண்டும். மேலே சொன்ன ஹோம்ஸ் 1859-ல் அட்லாண்டிக் மன்த்லி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பார்க்கத் தகுந்த ஒன்றைப் பல கோணத்தில் சில நெகட்டிவ் எடுத்துவிட்டால் போதும், அப்புறம் அதை இடித்தாலும் எரித்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அதில் போகிறார். வடிவம் மலிவு, எடுத்துப்போகலாம், பொருள்தான் பாரமும் விலையும் என்பது அவர் வாதம். புத்திசாலித்தனமான வாக்கியங்கள்தான், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. ஓர் அட்டைக்குப் பின்பக்கம் கிடையாது. தூணுக்கு உண்டு.

நடந்தது வேறு. அட்டையைப் பார்த்தவர்கள் நேரில் போக ஆசைப்பட்டார்கள். 1869-ல் தாமஸ் குக் தன் முதல் எகிப்து - பாலஸ்தீனப் பயணக் குழுவை அழைத்துப்போனார். அதே வருடம் நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. போக வசதி இருந்தவர்கள் போய், அட்டையில் பார்த்த இடத்தைத் தேடினார்கள். திரும்பும்போது நினைவுக்கு அட்டைகள் வாங்கி வந்தார்கள்.

அண்டர்வுட் சகோதரர்களின் நிறுவனம் இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. 1880-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கான்சாஸில் தொடங்கிய நிறுவனம் அது. கல்லூரி மாணவர்களை வீடு வீடாக அனுப்பி விற்றது. புத்தகம் போன்ற பெட்டிக்குள் ஒரு நாட்டின் அட்டைகள் முழுவதும் இருக்கும். 1905-ல் வந்த எகிப்துத் தொகுப்புக்கு விளக்கம் எழுதியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற எகிப்தியல் அறிஞர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட். 100 அட்டைகள், கூடவே வரைபடங்கள்.

அந்த வரைபடத்தைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண். வரைபடத்தில் அந்த எண் இருக்கும் புள்ளிதான் நீங்கள் நிற்கும் இடம். புள்ளியிலிருந்து இரண்டு கோடுகள் விசிறி போல விரிந்து போகும். அந்தக் கோடுகளுக்கு இடையே இருப்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் பின்னால் நைல் இருக்கிறது, இடப்பக்கம் கிழக்கு என்று எழுத்து சொல்லிக்கொடுக்கும். படிப்பவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி வரைபடத்தில் தன் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு கருவியைக் கண்ணில் வைப்பார். அடுத்த அட்டைக்குப் போகுமுன் அடுத்த புள்ளிக்கு நடப்பதாகக் கற்பனை செய்வார். இன்று தொல்லியல் தளங்களில் எண் போட்ட பலகைகள் நம்மை ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு அழைத்துப்போகின்றன அல்லவா? அந்த நடைக்கு இந்த அட்டைப் பெட்டி முன்பே ஆள்களைப் பழக்கிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு நல்ல அறிஞர் பக்கத்தில் நின்று காட்டினால் எவ்வளவு தெரியும்! ஆனால் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஊர், வயல், வீடுகள், அங்கே வாழ்ந்தவர்கள் எல்லாம் விசிறிக்குள் வரவில்லை.

படங்களில் கல் மேல் உட்கார்ந்திருக்கும் உள்ளூர் மனிதர்கள் யார்?

பெரும்பாலும் வழிகாட்டிகள், படகோட்டிகள், சுமைகூலிகள், காவலர்கள். அளவு காட்டவும், முன்புறத்தில் ஆழம் கொடுக்கவும் அவர்களை உட்கார வைத்தார்கள். பெயர் எழுதியிருக்காது. ஸ்டீரியோவுக்கு முந்தைய ஒரு விதிவிலக்கு உண்டு. 1849 முதல் 1851 வரை எகிப்தில் படம் எடுத்த மாக்ஸிம் து கான், அளவு காட்டத் தூண்களின் மேல் ஏறவைத்த படகோட்டியின் பெயர் ஹாஜ் இஸ்மாயில் என்று பதிவு செய்திருக்கிறார். அவர் அசையாமல் இருக்க, லென்ஸின் பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி, அசைந்தால் சுட்டுவிடும் என்று பயமுறுத்தியதையும் து கானே எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு விறைப்பாக நிற்கும் எந்த உருவத்தையும் நான் சாதாரணமாகக் கடந்துபோனதில்லை.

பிரமிடில் பயணிகள் ஏறும் காட்சிகளையும் பாருங்கள். ஒருவர் மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் கீழிருந்து தாங்க, நடுவில் தொப்பி போட்ட பயணி. ஏறுவது இன்று தடை செய்யப்பட்டிருக்கிறது. அன்று அதுதான் பயணத்தின் உச்சம். தலைப்பு பயணியைப் பற்றியும் பிரமிடைப் பற்றியும் பேசும். தூக்கிவிட்ட கைகளைப் பற்றிப் பேசாது. ஸ்டீரியோவில் அந்தக் கைகள்தான் நமக்கு மிக அருகில் இருக்கும்.

அட்டையில் அச்சிட்ட தலைப்பை நம்பலாமா?

இடப் பெயரைப் பெரும்பாலும் நம்பலாம். தேதியை நம்ப வேண்டாம். நெகட்டிவ்கள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு விற்கப்பட்டன, பல வருடம் கழித்தும் புதிதாக அச்சிடப்பட்டன, திருட்டுப் பிரதிகளும் ஏராளம். மக்களைப் பற்றிய வருணனைகளில் அந்தக் காலத்து ஏகாதிபத்தியத் திமிர் நிறைய இருக்கும்.

என் கையில் ஒரு அட்டை இருக்கிறது. காலத்தை எப்படிக் கணிப்பது?

முதலில் மூலையைப் பாருங்கள். கூரான மூலையும் தட்டையான அட்டையும் என்றால் 1850, 60-கள் என்று தொடங்கலாம். வட்டமாக வெட்டிய மூலைகள் 1860-களின் கடைசியில்தான் பரவின. அட்டை லேசாக வளைந்திருந்தால் அது ஈரத்தால் வந்த கோளாறு இல்லை. 1880-களிலிருந்து வேண்டுமென்றே அப்படி வளைத்தார்கள். பிறகு பிரிண்டைப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசிய ஆல்புமென் தாளாக இருந்தால் பழுப்பு நிறமும் மெல்லிய பளபளப்பும் இருக்கும். சாம்பல் - கறுப்பு நிறம் என்றால் 1890-களுக்குப் பிந்தையதாக இருக்கக் கூடும். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஒளிப்படமே இல்லை, 1900-ஐ ஒட்டி மலிவாக விற்ற அச்சுப் படம்.

வானம் வெள்ளையாக, வெறுமையாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். கொலோடியன் நீல நிறத்துக்கு மட்டுமீறி எதிர்வினை காட்டும். நீல வானம் முழுக்க வெளுத்துவிடும். அழகான மேகங்கள் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

போர்களில் அழிந்த சின்னங்களை இந்தப் படங்களை வைத்து மறுபடி உருவாக்கலாமா?

சிரியாவில் இருக்கும் பால்மைராவின் பேல் கோயிலும் வெற்றி வளைவும் 2015-ல் தகர்க்கப்பட்ட பிறகு இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. படத்திலிருந்து அளவெடுக்கும் எண்ணம் புதிதல்ல. 1858-ல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் தேவாலயத்தை அளக்க மேலே ஏறிய ஆல்பிரெக்ட் மைடன்பாயர், தவறி விழப் பார்த்துத் தப்பினார். ஏறாமல் படத்தை வைத்தே அளக்க முடியாதா என்று அன்று யோசித்தவர், 1885-ல் பெர்லினில் அதற்கென்றே ஒரு நிறுவனத்தை நடத்தும் நிலைக்கு வந்தார். 1901-ல் கார்ல் புல்ஃபிரிஷ் ஸ்டீரியோ படங்களிலிருந்து அளவெடுக்கும் கருவியைச் செய்தார்.

ஆனால் விற்பனை அட்டைகளில் சிக்கல் அதிகம். ஓரங்களை வெட்டி ஒட்டியிருப்பார்கள், லென்ஸின் விவரம் இருக்காது, ஒரே பக்கம்தான் தெரியும். பல காலத்தில் பல பேர் எடுத்த படங்களைச் சேர்த்தால் முகப்பின் வடிவத்தை ஓரளவு மீட்கலாம். எந்தக் கேமராவும் பார்க்காத பின்சுவரை எந்தக் கணினியாலும் கொண்டுவர முடியாது.

கருவி இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

பழகினால் வெறும் கண்ணிலேயே பார்க்கலாம். படத்தைக் கைபேசித் திரையில் வைத்து, இடது படத்தில் உள்ள ஒரு கல்லுக்கும் வலது படத்தில் உள்ள அதே கல்லுக்கும் நடுவே தூரம் 6 செ.மீ.க்குள் இருக்கும்படி சுருக்குங்கள். திரையை மூக்குக்கு அருகே கொண்டுவந்து, அதன் ஊடாகத் தூரத்துச் சுவரைப் பார்ப்பது போலக் கண்ணைத் தளரவிடுங்கள். மங்கலாக மூன்று படங்கள் தெரியும். திரையை மெல்ல விலக்குங்கள். நடுப்படம் தெளிவாகும் நொடியில் ஆழம் வந்துவிடும். தலை வலித்தால் நிறுத்திவிட்டு நாளைக்கு முயலுங்கள். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்களுக்கும், மாறுகண் உள்ளவர்கள் பலருக்கும் இது வராது. அவர்கள் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டும் அசைபடங்களைப் பார்க்கலாம், அதிலும் ஆழம் ஓரளவு புலப்படும்.

இந்தப் பழக்கம் எப்போது மறைந்தது?

முழுக்க மறையவில்லை. பாரிஸின் ஜூல் ரிஷார் 1890-களில் கொண்டுவந்த வெராஸ்கோப் கேமராவால் பயணிகள் தாங்களே ஸ்டீரியோ படம் எடுத்தார்கள். சினிமாவும் படம் போட்ட பத்திரிகைகளும் வந்ததும் அட்டை வியாபாரம் படுத்தது. 1939-ல் வியூ-மாஸ்டர் என்ற, கண்ணில் வைத்துப் பார்க்கும் ஸ்டீரியோ கருவி வந்து அதே ஆசையைக் குழந்தைகளின் கைக்கு மாற்றியது.

எங்கே தொடங்கலாம்?

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையச் சேமிப்பில் அண்டர்வுட் அட்டைகள் நிறைய இருக்கின்றன. நியூயார்க் பொது நூலகத்தின் ராபர்ட் டென்னிஸ் தொகுப்பில் பல்லாயிரம் அட்டைகள் உண்டு. இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம்.

செடிகள் இருக்கும் கொலோசியம் ஒன்றைத் தேடி எடுங்கள். ஆழம் வந்ததும் உடனே அரங்கத்தைப் பார்க்காதீர்கள். முதலில் கீழ் ஓரத்தைப் பாருங்கள், கேமரா வைத்தவரின் காலடிக்கு முன்னால் இருக்கும் புல்லும் சரளைக் கல்லும் அங்கேதான் இருக்கும். பிறகு ஒவ்வொரு வளைவாக மேலே ஏறி, உச்சியில் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புதரிடம் போங்கள். அதன் இலைகள் இடது படத்தில் ஒரு விதமாகவும் வலது படத்தில் வேறு விதமாகவும் கலங்கியிருந்தால், இரண்டு படங்களுக்கும் நடுவே அங்கே காற்று அடித்திருக்கிறது.